டைலர் நாகலிங்கம்

அறந்தாங்கிப் பக்கத்தில் தையல்காரரை யாரும் டெய்லர் என்று சொல்ல மாட்டார்கள். டைலர்தான். கடைப் பலகையில் டைலர், கல்யாணம் பேசும்போது மாப்பிள்ளைக்குத் தொழில் டைலர், சண்டை வந்தால் பெண்டாட்டி திட்டுவதும் "ஆமா, பெரிய டைலரு!" என்றுதான். டவுனில் படித்த யாராவது கடைக்கு வந்து "டெய்லர் இருக்காரா?" என்று கேட்டால், காஜா எடுத்துக்கொண்டிருப்பவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். நாகலிங்கம் அதைக் கேட்டே வளர்ந்தவர், அதையே சொல்லிப் பிழைத்தவர். அந்தச் சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஏன் தோன்ற வேண்டும்?

ஆள் லேசுப்பட்ட தையல்காரர் இல்லை. ஜாக்கெட் என்றால் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் அவரிடம்தான் வருவார்கள். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னாலேயே துணி வாங்குவதை நிறுத்திவிடுவார். "இனிமே என் பொண்டாட்டிக்கே பொங்கலுக்குத்தான்" என்று சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்புவார். அப்படி இருந்தவர் அபுதாபிக்குக் கிளம்பியதற்குக் காரணம் அவருடைய மச்சான். அரபிக்காரப் பெண்களுக்குத் துணி தைத்து மாளவில்லை, தையல்காரனுக்கு ஏசி ரூம், மின்சார மெஷின், மிதிக்கவே வேண்டாம் என்று மச்சான் லீவில் வந்து அளந்துவிட்டுப் போனான். மிதிக்கவே வேண்டாம் என்றதில்தான் நாகலிங்கம் விழுந்தார். பழைய மெஷினை விற்றார், கடையைக் காலி செய்தார், திருச்சியில் ஏஜெண்ட் ஆபீஸ் படியேறினார். அது எண்பத்திரண்டாம் வருஷம்.

ஏஜெண்ட் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண் சந்திரகலா. பாவம், காலையிலிருந்து அடித்து அடித்து விரல் வீங்கிப் போயிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன வேலை?"

"டைலரும்மா."

"டைலர்தானே?"

"டைலர்தாம்மா. பதினஞ்சு வருச சர்வீசு."

அவள் அடித்துவிட்டாள். அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டாள், இவரும் இரண்டு தடவை சொன்னார். அந்த வாரம் ஒரு கட்டடக் கம்பெனிக்கு டைல்ஸ் போடுகிற ஆட்கள் வேண்டும் என்று மேஜைமேல் தாள் கிடந்தது. இங்கிலீஷில் டைல்ஸ் போடுகிறவனுக்குப் பேர் டைலர். அவள் காதில் விழுந்ததும் அதேதான். ஆனால் அந்த ஏஜெண்ட் இருக்கிறானே, அவனைச் சும்மா விடலாமா? நாகலிங்கம் மாதிரிக்கு ஒரு ஜாக்கெட்டை மடித்து மஞ்சப் பையில் கொண்டு போயிருந்தார். அதை எடுத்து நீட்டியபோது, "இதெல்லாம் எதுக்குப்பா? அங்க போய்க் காட்டிக்க" என்று கையை வீசிவிட்டான் மனுஷன். ஒரு நிமிஷம் அதைப் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நாகலிங்கமோ, நம் வேலையில் இவ்வளவு நம்பிக்கை வைக்கிறார்களே என்று உச்சி குளிர்ந்துபோனார். காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டார்.

அபுதாபிக்கு வெளியே முசஃபாவில் கம்பெனி கேம்ப். தகரக் கொட்டகை, ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், சுற்றிலும் வெல்டிங் பட்டறையும் மெக்கானிக் ஷெட்டும் மணலும். போன மறுநாள் விடியும்போதே பஸ்ஸில் ஏற்றிப் பாதி கட்டிய ஒரு பெரிய கட்டடத்தில் இறக்கிவிட்டார்கள். தையல் கடை இன்னும் கட்டி முடியவில்லை போலிருக்கிறது என்று நாகலிங்கம் நினைத்துக்கொண்டார். ஃபோர்மேன் கௌஸ் முகம்மது ஆம்பூர்க்காரர். வந்து இவர் கையில் ஒரு கரண்டியும் ரப்பர் சுத்தியலும் ரசமட்டமும் கொடுத்தார்.

"பாய், மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டார் நாகலிங்கம்.

"அதோ ஓடுதே, காதுல விழலியா?"

அங்கே ஓர் இரும்பு மெஷின் அலறிக்கொண்டு கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் தூசியில் நின்றவனின் முகமே தெரியவில்லை.

"அது இல்ல பாய். தையல் மெஷின்."

கௌஸ் முகம்மது ஒரு கணம் இவரை மேலும் கீழும் பார்த்தார். "தையல் மெஷினா? என்னத்தைய்யா தைக்கப் போறீங்க, மொசைக்கையா?"

சுற்றி நின்றவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். புது ஆளைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நாகலிங்கமும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பாய், நெசமாத்தான் கேக்குறேன். நான் டைலரு" என்றார்.

"டைலர்னுதானேய்யா கூட்டிட்டு வந்திருக்கு! டைல்ஸ் போடுறவன் டைலர். யல்லா, சீக்கிரம் உக்காருங்க."

அப்போதுதான் அவர் கையிலிருந்த கரண்டியைக் குனிந்து பார்த்தார்.

கேம்ப் ஆபீஸில் ஆட்களுக்கு வருகை எழுதுகிறவர் யோகநாதன், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இங்கிலீஷ் தெரிந்த தமிழ் ஆள் அங்கே அவர் ஒருவர்தான். டூட்டி முடிந்து வந்த கையோடு, மேலெல்லாம் தூசியாக, நாகலிங்கம் அவர் முன்னால் போய் நின்றார். யோகநாதன் ஃபைலை எடுத்துப் பார்த்தார், விசா நகலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"அண்ணை, ரெண்டும் வேற வேற சொல்லு. தைக்கிற ஆளுக்கு நடுவிலை ஏ, ஐ எண்டு ரெண்டு எழுத்து வரும். கடைசியிலை ஓ, ஆர். உங்கட பேப்பரிலை நடுவிலை ஐ மட்டும்தான் நிக்குது, கடைசியிலை ஈ, ஆர். இது தரைக்குக் கல்லுப் பதிக்கிற ஆளின்ரை பேர்."

"ஒரு எழுத்துதான தம்பி? நடுவுல பேனாவால சொருகி விட்டுருங்களேன்."

"ஐயோ அண்ணை! விசாவிலை அரபியிலையும் எல்லோ எழுதியிருக்கு. இங்கிலீசிலைதான் ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி. அரபியிலை ரெண்டுக்கும் ஒரு சொந்தமும் இல்லை. நான் கை வைச்சால் என்னையும் சேர்த்து உள்ளுக்குப் போடுவினம்."

நாகலிங்கம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலீஷில் தன் பேரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். அந்த எழுத்துகளில் எது தன்னைக் கவிழ்த்தது என்றுகூட அவரால் தொட்டுக் காட்ட முடியவில்லை. ஆறுதலுக்காக யோகநாதன் ஒரு கதை சொன்னார். அல் ஐன் பக்கம் ஒரு பையன் 'டயரி' என்று விசாவில் படித்துவிட்டு, ஆபீஸில் டயரி எழுதுகிற வேலை என்று பேனாவும் கையுமாக வந்து இறங்கினானாம். அது டயரி இல்லை, டெய்ரி. ஓர் எழுத்து இடம் மாறிக் கிடந்ததை அவன் கவனிக்கவில்லை. இப்போது மாடு கழுவுகிறான்.

"அவனுக்காவது மாடு உசிரோட இருக்கு" என்றார் நாகலிங்கம்.

இந்த இங்கிலீஷைச் சொல்ல வேண்டும். இருபத்தாறு எழுத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே ஆள வந்தவர்கள், தைக்கிறவனுக்கும் தரை போடுகிறவனுக்கும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பேர் வைத்திருக்கக் கூடாதா? நம் தமிழில் மட்டும் பல்லியும் பள்ளியும் இல்லையா என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, இல்லையென்று யார் சொன்னது? ஆனால் பல்லி என்று எழுதியதற்காக நம் ஊரில் எந்தப் பிள்ளையையும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கச் சொன்னதில்லை.

மேனேஜரிடம் யோகநாதன் கூட்டிக்கொண்டு போனார். மேனேஜர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாங்கள் கேட்டது டைலர், வந்தது டைலர், கையெழுத்து இவருடையது, இரண்டு வருஷம் வேலை செய்யட்டும், கற்றுக்கொள்ளட்டும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. தப்பு என்று ஒன்று நடந்திருப்பதே அவருக்குத் தெரியவில்லை. தொழிலைத் திருத்தித் தரும்படி ஒரு மனு வேண்டுமானால் எழுதிக் கொடு, அனுப்பி வைக்கிறேன் என்றார். யோகநாதன் எழுதினார். நாகலிங்கம் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் அவருடைய உயிர் அந்த மனுவில் தொங்கிக்கொண்டிருந்தது.

மனு போய்க்கொண்டிருந்தது, இவர் மண்டிபோட்டுக்கொண்டிருந்தார். முட்டியில் முதலில் சிவந்தது, பிறகு கொப்புளம், பிறகு காய்த்துப்போயிற்று. சிமெண்டுத் தண்ணீர் விரல் நுனியைக் கடித்தது. கையுறை கொடுத்தார்கள்தான். அதைப் போட்டால் கல் வழுக்கும், கல் வழுக்கினால் கௌஸ் முகம்மது "ஜல்தி, ஜல்தி" என்று கத்துவார். அதனால் யாரும் போடுவதில்லை. வெள்ளிக்கிழமை லீவில் ரூம்காரர்கள் கிழிந்த பேண்டையும் பித்தான் போன சட்டையையும் கொண்டுவந்து போடுவார்கள். நாகலிங்கம் ஊசி நூலோடு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் அன்று ஒரு நாள்தான் முகத்தில் களை இருக்கும். முதல் வருஷம் அப்படி. அப்புறம் அப்புறம், தைக்கக் கொடுத்த சட்டைகள் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தன. "முட்டி வலிக்குதுப்பா" என்பார். கையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஊரிலிருந்து பெண்டாட்டி சரோஜா கேசட்டில் பேசி அனுப்புவாள். லீவில் வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். டேப்பை ஓடவிட்டால் ரூமே கூடிவிடும். ஒரு தடவை, "ஏங்க, அரபிக்காரவுக ஜாக்கெட்டெல்லாம் போடுவாகளா? கை நீளமா வைப்பீகளா, குட்டையாவா?" என்று கேட்டிருந்தாள். ரூமில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். நாகலிங்கம் பதில் கேசட்டில், "நீளமாத்தான் சரோஜா, ரொம்ப நீளமா" என்று பேசி அனுப்பினார். பாவி மனுஷன், வேறு என்ன சொல்வார்? அவள் அறந்தாங்கி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மனுவுக்குப் பதில் வருவதற்குள் ஒப்பந்தமே ஒரு சுற்று முடிந்து புதுப்பிக்கிற சமயம் வந்துவிட்டது. ஒருநாள் யோகநாதன் புது லேபர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டு அனுப்பினார். நாகலிங்கம் ஓட்டமாக ஓடினார்.

"என்ன தம்பி, ஏ வந்திருச்சா?"

"வந்திட்டுது அண்ணை. ஏயும் வந்திட்டுது, ஐயும் வந்திட்டுது."

"அப்பறம் ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீக?"

"ஏக்கு முன்னாலை ஒரு ஆரும் சேர்ந்து வந்திட்டுது." யோகநாதன் கார்டை நீட்டினார். "ட்ரெயிலர் எண்டு போட்டிருக்கினம். பெரிய லொறி இருக்கெல்லோ, பின்னாலை நீளமா இழுத்துக்கொண்டு போறது, அதை ஓட்டுற டிரைவர் எண்டு. அரபியிலையும் அப்பிடித்தான் கிடக்கு."

நாகலிங்கத்துக்குச் சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது. கேம்பில் விஷயம் பரவியதும் "டிரைவர் சாப், சலாம்!" என்று வரிசையாக வந்து கும்பிட்டார்கள். கௌஸ் முகம்மது சிரித்து முடித்துவிட்டு, பாவப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. எரிச்சலாகிவிட்டார். இந்த ஆள் ஒன்று கேட்டான், செய்து கொடுத்தோம், இப்போது அதுவும் இல்லை என்கிறான். கலாஸ், முடிந்தது கதை, இனி மாற்றவேண்டும் என்றால் கேன்சல் செய்துவிட்டு ஊருக்குப் போகட்டும், வேறு விசாவில் வரட்டும். ஊருக்குப் போனால் எதில் உட்கார்ந்து தைப்பது? மெஷின் இல்லை, கடை இல்லை. ட்ரெயிலர் டிரைவர் என்ற கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாகலிங்கம் மறுநாளும் போய்த் தரையில் மண்டிபோட்டார். அன்றைக்குக் குளியலறைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அவர் அழுததை யோகநாதன் பார்த்தார், பார்க்காதது போல் போய்விட்டார்.

அதற்கப்புறம் அவர் ஏ, ஐ என்றெல்லாம் பேசுவதையே விட்டுவிட்டார். யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

எண்பத்தைந்தில் ஒருநாள் யோகநாதன் மூச்சு வாங்க ரூமுக்கு ஓடி வந்தார். கம்பெனி முதலாளி, அதாவது கஃபீல், அவருடைய வீட்டு அம்மாவுக்குத் துணி தைத்துக்கொண்டிருந்த ஆள் ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டானாம். அந்த அம்மாள் மேனேஜரிடம் ஆள் கேட்டிருக்கிறாள். மேனேஜருக்கு நம்ம ஆள் ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணை, நாளைக்கு வண்டி வரும். அந்த அம்மா ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும், கஃபீலே நேரை கையெழுத்து வைப்பார். ஒரு கிழமையிலை பேப்பர் எல்லாம் மாறிடும். உங்கடை வேலை உங்களுக்கு வந்திடும் அண்ணை!"

நாகலிங்கம் நேரே போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தார், தேங்காய் எண்ணெய் வாங்கி விரல் விரலாக நீவிவிட்டார். ரூம்காரர்கள் அவருக்கு வெள்ளைச் சட்டை தேய்த்துக் கொடுத்தார்கள். "அண்ணே, பெரிய வீட்டுக்குப் போயிட்டா எங்களையெல்லாம் மறந்துராதீங்க" என்று கேலி செய்தார்கள். அவர் சிரித்தார்.

முதலாளி வீட்டில் வேலை செய்கிற காளியம்மா இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். தமிழ் ஆள் வருகிறார் என்று வாசலிலேயே காத்திருந்தாள். "வாங்கண்ணே" என்று உள்ளே கூட்டிப் போய் ஒரு ஏசி அறையைத் திறந்துவிட்டாள். மின்சார மெஷின். மிதிக்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு நீளமான பட்டு அங்கி, உடம்பு தைத்து முடிந்தது, கை மட்டும் வைக்காதது. அந்தக் கையை வைத்துக் காட்ட வேண்டும். வீட்டு அம்மாள் கதவோரம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டே செய்து முடிக்கிற வேலை அது.

ஊசியில் நூல் கோக்கப் போனார். நூல் விரலில் இருக்கிறதா, இல்லையா என்று தெரியவில்லை. பார்த்தால் இருக்கிறது, பிடித்தால் தெரியவில்லை. மூன்று முறை நழுவிப் போயிற்று. "குடுங்கண்ணே" என்று காளியம்மா வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பட்டை எடுத்தார். விரலில் வெடித்திருந்த தோல் பட்டில் சரக் சரக்கென்று மாட்டி இழை இழையாக இழுத்துக்கொண்டு வந்தது. எண்ணெய் போட்டு நீவியதெல்லாம் ஒன்றுக்கும் ஆகவில்லை. மெஷினை ஓட்டினார். துணி அடியில் நழுவுவதை விரல் அவருக்குச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தையல் கோணி ஓடியது. பிரித்துவிட்டு மறுபடி ஓட்டினார், மறுபடி கோணியது. மூன்றாம் தடவை ஊசிக்கடியில் விரல் போய் நின்றது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. பட்டில் சிவப்பாக ஒரு சொட்டுப் பார்த்துக் காளியம்மா "ஐயோ" என்ற பிறகுதான் தெரிந்தது.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள்.

"மேடம் கேக்குறாங்கண்ணே, நீங்க நெசமாவே டைலர்தானான்னு."

"சொல்லும்மா," என்றார் நாகலிங்கம். "நான் டைலருதான், நல்ல டைலரு, வந்த எடத்துல ஒரு எழுத்து மாறிப்போச்சு, மூணு வருசமா சிமெண்டுல கெடந்து கை செத்துப்போச்சுன்னு சொல்லும்மா. கொஞ்ச நாள் டயம் குடுத்தா திரும்பிரும்னு சொல்லும்மா."

காளியம்மா அந்த அம்மாளைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அரபி முழுக்க அடுப்படி அரபி. உப்பு, சோறு, தண்ணீர், சுத்தம் செய்தாச்சு, தீர்ந்துபோச்சு, நன்றிக்கு ஒரு ஷுக்ரன். இவர் சொன்னதை அதில் எங்கே போய்ப் போடுவாள்? கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "டைலர் மாஃபி, மேடம்" என்றாள். டைலர் இல்லை. அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. பட்டு அங்கியை எடுத்து மடித்து வைத்தாள். வந்த ஆளை வெறுமனே அனுப்புவானேன், கட்டடக் கம்பெனி ஆள்தானே என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்து போய்ச் சமையலறை வாசலைக் காட்டினாள். அங்கே ஒரு டைல்ஸ் பெயர்ந்து, காலை வைத்தால் டொக்டொக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. காளியம்மா ஓடிப்போய்க் காவல்காரரிடம் கொஞ்சம் சிமெண்டும் கரண்டியும் வாங்கி வந்தாள்.

நாகலிங்கம் மண்டிபோட்டார். முட்டி தானாகவே இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தது. கல்லைப் பெயர்த்தார், அடியைச் சுரண்டினார், கலவை வைத்தார், கல்லை இறக்கி ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். சந்தில் பூசி, விரலால் வழித்துவிட்டார். சுற்றியிருந்த கற்களோடு கல்லாக அது போய் உட்கார்ந்துகொண்டது. ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. எல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரம்தான்.

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இவருக்கும் புரியட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"குட் டைலர். வெரி குட் டைலர்."

நாகலிங்கம் எழுந்திருக்கவில்லை. மண்டிபோட்டபடியே இருந்தார். கண்ணிலிருந்து கொட்டுகிறது, துடைக்கலாம் என்றால் கையெல்லாம் சிமெண்டு. தோளில் தேய்த்துக்கொண்டார். நின்றபாடில்லை. ஒரு சின்னப் பிள்ளையைப் போல ஏங்கி ஏங்கி அழுதார்.

காளியம்மா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்னாண்ணே இது? மேடம் நல்லதுதானே சொன்னாங்க?"

"ஆமாத்தா, நல்லதுதான் சொன்னாக," என்றார் நாகலிங்கம். "அவுகளுக்கு ஷுக்ரன்னு சொல்லிரு."